மெதடிஸ்ட் சபையில திருவிருந்து ஏன் மாசத்துக்கு ஒரு தடவைதான்?

மாசத்துல முதல் ஞாயிறு. உள்ள வந்து உக்கார்றவங்க கண்ணு முதல்ல போறது முன்னாடி இருக்கிற மேசைக்குத்தான், அதுமேல வெள்ளைத்துணி மூடியிருந்தா "ஓ இன்னிக்கு திருவிருந்தா"ன்னு (இயேசுவை நினைச்சு அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துக்கிறது) தெரிஞ்சிரும், சிலர் பேசாம தலைய குனிஞ்சுக்குவாங்க, சிலர் சர்வீஸ் எத்தனை மணிக்கு முடியும்னு வாட்ச்ச பார்ப்பாங்க. அடுத்த மூணு ஞாயிறும் மேசை காலியாத்தான் இருக்கும், பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம், அவ்ளோதான். நிறைய மெதடிஸ்ட் சபைகள்ல இதுதான் வழக்கம். இது ஏதோ ஆரம்பத்துலயே யோசிச்சு வச்ச உபதேசம்னு நானும் ரொம்ப வருஷம் நினைச்சிட்டு இருந்தேன். இல்லவே இல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல இந்த மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லிங்கிற குரு இதைப் பார்த்திருந்தா கடுப்பாகியிருப்பாரு.

ஏன்னா அந்த மனுஷன் திருவிருந்து விஷயத்துல கொஞ்சம் வெறின்னே சொல்லலாம். 1729ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டுல அவரும் தம்பி சார்ல்ஸும் இன்னும் சில பசங்களும் சேர்ந்து ஒரு சின்ன குழுவா வேதம் படிச்சு, உபவாசம் இருந்து, ஜெயிலுக்குப் போய் கைதிகளைப் பார்த்துட்டு, வாராவாரம் தவறாம திருவிருந்து எடுத்துட்டு இருந்தாங்க. மத்த மாணவர்களுக்கு இதெல்லாம் ஒரே கிண்டல், எல்லாத்தையும் டைம்டேபிள் போட்டு ஒரு மெத்தட்ல செய்றாங்கன்னு "மெதடிஸ்ட்"டுன்னு பேர் வச்சாங்க. அதே சமயம் இன்னொரு பட்டப்பேரும் இருந்துச்சு, "சாக்ரமென்டேரியன்ஸ்", அதாவது சாக்கிரமெந்து (திருவிருந்து, ஞானஸ்நானம் மாதிரி புனிதச் சடங்கு) பைத்தியங்க. அந்தப் பேர் ஒட்டல, முதல் பேர் ஒட்டிக்கிச்சு. மாறி ஒட்டியிருந்தா இன்னிக்கு நம்ம போர்டுல என்ன எழுதியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அவரோட டைரிய வச்சு கணக்குப் போட்டவங்க, வாழ்நாள் முழுக்க சராசரியா நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை அவர் திருவிருந்து எடுத்திருக்கார்னு சொல்றாங்க. குதிரை மேலயே பாதி வாழ்க்கைய ஓட்டின ஒரு ஆளுக்கு இது சாதாரண விஷயம் இல்ல. 1787ல, எண்பது வயசு தாண்டின பிறகு, ஒரு பிரசங்கத்தை அச்சுல விட்டாரு, அது அம்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்காக எழுதினது, "அப்போ நினைச்சதுல இருந்து இப்போ எதையும் மாத்திக்கத் தேவையில்ல"ன்னு மேல ஒரு குறிப்பும் போட்டாரு. அதுல அவர் எடுத்துக்கிற வாதம் ரொம்ப சிம்பிள். "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்"ங்கிறது கட்டளை. கட்டளைய அடிக்கடி கடைப்பிடிக்கிறேன்னு சொல்றதுல அர்த்தம் என்ன, முடியும்போதெல்லாம் கடைப்பிடிக்கணும், அவ்ளோதானே. "திருடாதே"ங்கிறதை மாசத்துக்கு ஒரு தடவை கடைப்பிடிக்கிறேன்னு யாராவது சொல்வாங்களா, அந்த மாதிரி (இந்த உதாரணம் என்னோடது, ஆனா அவர் லாஜிக் இதுதான்).

அப்புறம் ஜனங்க சொல்ற சாக்குகளை ஒண்ணொண்ணா எடுத்துப் பேசுறாரு. "நான் தகுதியில்லாதவன்"ங்கிறது முதல் சாக்கு. பவுல் கொரிந்தியருக்கு எழுதின கடிதத்துல "அபாத்திரமாய்"னு, அதாவது தகுதியில்லாத விதமான்னு, ஒரு வார்த்தை வருதே, அதைக் காட்டி எத்தனை பேரை மேசைக்கு வரவிடாம பயமுறுத்தியிருக்காங்க. ஆனா பவுல் அங்க திட்டுறது சாப்பிடுற ஆளோட தகுதிய இல்ல, சாப்பிடுற விதத்தை. ஒருத்தன் பசியா இருக்க இன்னொருத்தன் குடிச்சு வெறியா இருக்கிற அந்த அலங்கோலத்தைத்தான். தகுதி வந்தப்புறம் வர்றேன்னா யாருமே வரமுடியாது, நோயாளி குணமானப்புறம் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு சொல்ற கதைதான். இன்னொரு சாக்கு இன்னிக்கும் கேக்குறோம்: "வாராவாரம் வச்சா மரியாதை போயிரும், பழகிப்போயிரும்." வெஸ்லியோட பதில் என்னன்னா, புதுசா இருக்கிறதால வர்ற மரியாதை ஒண்ணு, கடவுள் மேல இருக்கிற பயபக்தி இன்னொண்ணு, முதல் வகை குறையட்டும், போனா போகட்டும், ரெண்டாவது குறையாது, வளரும். எனக்கு இந்தப் பாயிண்ட் ரொம்பப் பிடிக்கும். ஜெபம் பழகிப்போயிரும்னு யாரும் மாசத்துக்கு ஒரு தடவை ஜெபம் பண்றதில்லையே.

சரி, ஆரம்பிச்சவர் இப்படி இருந்தா, பின்ன எப்படி நாம இங்க வந்து நின்னோம்? உபதேசம் காரணமில்ல, ஆள் பற்றாக்குறைதான் காரணம்.

வெஸ்லி சாகுற வரைக்கும், அதாவது 1791 மார்ச் 2 வரைக்கும், இங்கிலாந்து திருச்சபையோட குருவாத்தான் இருந்தாரு. மெதடிஸ்ட் சங்கங்கள் தனி சபை இல்ல, திருச்சபைக்குள்ள ஒரு எழுப்புதல் இயக்கம், அப்படித்தான் அவர் சொல்லிட்டு இருந்தாரு. அவர் கீழ ஊர் ஊரா சுத்தின பிரசங்கிமார் பெரும்பாலும் குருப்பட்டம் இல்லாத சாதாரண ஆளுங்க. அவங்க பிரசங்கம் பண்ணலாம், பாட்டு சொல்லித்தரலாம், ஜெபம் நடத்தலாம், ஆனா அப்பத்தையும் ரசத்தையும் தொடக்கூடாது, அதுல அவர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். திருவிருந்துக்கு அவங்கவங்க ஊர் கோயிலுக்குப் போங்கன்னுதான் சொன்னாரு, அதுக்காகவே மெதடிஸ்ட் கூட்டங்களை கோயில் ஆராதனை நேரத்துல வைக்காம பார்த்துக்கிட்டாரு. ஆனா அந்தக் காலத்து கோயில்கள்ல திருவிருந்து எத்தனை தடவை? வருஷத்துக்கு குறைஞ்சது மூணு தடவை எடுக்கணும்ங்கிறதுதான் விதி, நிறைய கிராமங்கள்ல அந்த மூணு நாலோட முடிச்சிருவாங்க. அதுவும் மெதடிஸ்ட்னாலே முகத்தைத் திருப்பிக்கிற குருமார் நிறைய பேர். அதனால ஜனங்களோட உண்மையான ஆராதனை அனுபவம்ங்கிறது பாட்டும் பிரசங்கமும்னு ஆகிப்போச்சு. அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு, 1795லதான், சபையும் கான்ஃபரன்ஸும் (மெதடிஸ்ட் பிரசங்கிமாரோட வருடாந்திரக் கூட்டம்) ஒத்துக்கிட்டா மெதடிஸ்ட் சாப்பல்லயே திருவிருந்து கொடுக்கலாம்னு இங்கிலாந்துல ஒரு சமரசத்துக்கு வந்தாங்க.

அமெரிக்காவுல நிலைமை இன்னும் மோசம். சுதந்திரப் போர் வந்ததும் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபை, குருமார்ல நிறைய பேர் ஊரைவிட்டுப் போயிட்டாங்க, மெதடிஸ்ட் குடும்பங்கள்ல பிள்ளைங்க ஞானஸ்நானம் இல்லாம இருந்தாங்க, பெரியவங்க வருஷக்கணக்கா திருவிருந்து இல்லாம இருந்தாங்க. பிஷப்கிட்ட கேட்டுப் பார்த்தாரு வெஸ்லி, வேலைக்காகல. கடைசியில 1784 செப்டம்பர்ல பிரிஸ்டல்ல வச்சு, தானே கை வச்சு ரெண்டு பேருக்கு குருப்பட்டம் கொடுத்து, தாமஸ் கோக் என்கிற குருவை கண்காணிப்பாளரா ஏற்படுத்தி கப்பல் ஏத்தி விட்டாரு. தம்பி சார்ல்ஸுக்கே இது தாங்கல, முன்கூட்டி சொல்லவும் இல்ல, அவ்ளோ கோபம். மெதடிஸ்ட் சபை ஆங்கிலிக்கன் சபைய விட்டுப் பிரிஞ்சதுக்குப் பின்னாடி இருக்கிற முக்கியமான காரணம் பார்த்தீங்கன்னா ஏதோ பெரிய வேதாந்தச் சண்டை இல்ல, ஜனங்களுக்கு திருவிருந்து கிடைக்கலையேங்கிற கவலை. அந்தப் பயணத்துல அமெரிக்காவுக்கு அவர் அனுப்பின கடிதத்துல ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்து கொடுங்கன்னு எழுதியிருக்காரு. கூடவே ஆங்கிலிக்கன் சபையோட பொது ஜெப புத்தகத்தைச் சுருக்கி ஒரு ஆராதனைப் புத்தகமும் அனுப்பினாரு.

ரெண்டுமே நடக்கல. அந்த வருஷ டிசம்பர்ல பால்டிமோர்ல கூடி தனிச் சபையா அமைச்சுக்கிட்டவங்க, குதிரை மேல பெரிய பெரிய சர்க்யூட் (பல ஊர் சேர்ந்த வட்டாரம்) சுத்துறவங்க, ஒரு சபைக்கு குருப்பட்டம் வாங்கின மூப்பர் வந்து சேர்றதே மூணு மாசத்துக்கு ஒரு தடவை, காலாண்டு கூட்டத்துக்கு. அவர் வந்தாத்தான் திருவிருந்து. அப்படியே அது வழக்கமாச்சு, பிற்பாடு ஆயர்கள் நிலையா தங்க ஆரம்பிச்சப்ப மூணு மாசம் ஒரு மாசமா குறைஞ்சுச்சு, அதோட நின்னுருச்சு. புத்தகத்தோட கதை இன்னும் சுவாரஸ்யம். 1792க்குள்ள அதோட பெரும்பகுதிய ஓரம்கட்டிட்டாங்க, திருவிருந்து, ஞானஸ்நானம் மாதிரி சில முறைமைகள் மட்டும் மிஞ்சிச்சு. கண்ணைத் திறந்து படிக்கிறதை விட கண்ணை மூடிட்டு ஜெபிச்சாத்தான் பக்தி வருதுன்னு அந்த பிரசங்கிமார் நினைச்சதா ஜெஸ்ஸி லீங்கிற அந்தக் காலத்து பிரசங்கி எழுதி வச்சிருக்காரு. இன்னிக்கும் ஒரு மெதடிஸ்ட் ஆராதனையில புத்தகத்துல இருக்கிறதை சேர்ந்து வாசிக்கிறதும், ஆயர் மனசுல வந்ததை அப்படியே ஜெபிக்கிறதும் பக்கத்துல பக்கத்துல வரும், சில சபை இந்தப் பக்கம் சாயும் சில சபை அந்தப் பக்கம் சாயும். இழுபறி அங்கயே ஆரம்பிச்சது.

இப்போ மேசைக்கு வருவோம். யார் வரலாம்?

மெதடிஸ்ட் சபைன்னா மேசை எல்லாருக்கும் திறந்திருக்குன்னு சொல்வாங்க. வேற சபைக்காரங்களுக்கும் சேர்த்துத்தான் அழைப்பு கொடுப்பாங்க: ஆண்டவரை நேசிக்கிறவங்க, பாவத்தை விட்டுத் திரும்ப விரும்புறவங்க, மத்தவங்களோட சமாதானமா வாழ விரும்புறவங்க வாங்கன்னு. இது வெஸ்லிக்கு பிறவியிலயே வந்த குணம்னு நினைச்சிராதீங்க. 1736-37ல ஜார்ஜியா காலனியில அவர் இளம் குருவா இருந்தப்ப மகா கண்டிப்பு. குழந்தைய முழுசா தண்ணியில முக்கித்தான் ஞானஸ்நானம் கொடுப்பேன், உடம்பு பலவீனம்னு சொன்னாத்தான் ஊத்துவேன்னு அடம்பிடிச்சாரு. தன்னை விட்டுட்டு வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட சோஃபி ஹாப்கிங்கிற பொண்ணுக்கு திருவிருந்து கொடுக்க மறுத்து, கேஸாகி, கடைசியில ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாச்சு. அதே ஜார்ஜியாவுல போல்ட்ஸியஸ்ங்கிற லுத்தரன் போதகருக்கும் இல்லன்னுட்டாரு, பிஷப் வழியில வந்த குரு கையால ஞானஸ்நானம் வாங்கலையாம், அதனால. பன்னெண்டு வருஷம் கழிச்சு, 1749ல, அந்தப் போதகர் கிட்ட இருந்து வந்த ஒரு கடிதத்தை தன் ஜர்னல்ல எடுத்துப் போட்டு, அப்பேர்ப்பட்ட ஆளைப் பந்திக்கு சேர்க்காம விட்டேனே, என் தடியாலயே எனக்கு எத்தனை அடி விழுந்திருக்குன்னு எழுதுறாரு. தான் பண்ணின தப்பை இப்படி அச்சுல போடுறதுக்கும் ஒரு மனசு வேணும்.

நடுவுல என்ன மாறுச்சு? 1738 மே 24 லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துல அவருக்கு இருதயம் அனலாச்சு, கிறிஸ்து தன்னை மன்னிச்சிட்டாருன்னு உறுதி வந்துச்சு, அது மெதடிஸ்ட்காரங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அடுத்து நடந்த ஒரு சண்டைதான் இந்த விஷயத்துக்கு முக்கியம், அது அவ்வளவா பேசப்படுறதில்ல. லண்டன்ல ஃபெட்டர் லேன் சங்கத்துல சிலர், பூரண விசுவாசம் வர்ற வரைக்கும் திருவிருந்துக்குப் போகாதீங்க, வேதம்கூட வாசிக்காதீங்க, சும்மா அமைதியா காத்திருங்கன்னு போதிக்க ஆரம்பிச்சாங்க. கேக்க பக்தியா இருக்கும். வெஸ்லி இதை ஏத்துக்கல, 1740 ஜூலையில தன் பக்கம் நின்னவங்களைக் கூட்டிட்டு வெளிய வந்துட்டாரு. விசுவாசம் முழுசா இருக்கிறவனுக்கு பரிசா கொடுக்கிற விருந்து இல்ல இது, விசுவாசம் இல்லாதவனுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்து சேர்க்கவும் கடவுள் இதைப் பயன்படுத்துவாருங்கிறது அவர் நிலைப்பாடு. இதுக்கு அவர் வீட்டுலயே சாட்சி இருந்துச்சு: முந்தின வருஷம்தான் அவங்க அம்மா சூசன்னா, மருமகன் பாத்திரத்தை நீட்டி உனக்காகக் கொடுக்கப்பட்ட இரத்தம்னு சொன்ன அந்த நிமிஷத்துல தன் பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு உறுதி வந்துச்சுன்னு மகன்கிட்ட சொல்லியிருந்தாங்க. ஒரு குருவோட மகள், ஒரு குருவோட மனைவி, வாழ்க்கை பூரா கோயில்ல இருந்தவங்க, எழுபது வயசுல, அதுவும் மேசையில.

இதுல ஒரு சின்ன திருத்தமும் சொல்லணும். வெஸ்லி காலத்து மேசை நாம இப்போ நினைக்கிற அளவுக்கு திறந்த மேசை இல்ல. சங்கத்து டிக்கெட்டோ அனுமதிச் சீட்டோ காட்டணும்னு வச்சிருந்தாங்க, வாரம் கூடுற வகுப்புக் கூட்டத்துல நீ எப்படி வாழ்றேன்னு உன் லீடருக்குத் தெரியும், ஒழுங்கா இல்லன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற டிக்கெட் புதுசா கிடைக்காது. திறந்த அழைப்பும் கட்டுப்பாடான வாழ்க்கையும் சேர்ந்தே இருந்துச்சு. நாம முதல் பாதிய வச்சிக்கிட்டு ரெண்டாவது பாதிய வசதியா மறந்துட்டோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா, ஞானஸ்நானம் இல்லாதவங்களுக்குக் கொடுக்கலாமாங்கிறதுல இன்னிக்கும் ஒவ்வொரு நாட்டு மெதடிஸ்ட் சபையும் ஒவ்வொரு மாதிரி.

அப்பமும் ரசமும் என்ன ஆகுது? உண்மையிலயே மாம்சமா மாறிடுதுங்கிறதை மெதடிஸ்ட் விசுவாசப் பிரிவுகள் மறுக்குது, அதுக்காக வெறும் ஞாபகார்த்தம்னும் சொல்றதில்ல. ஆங்கிலிக்கன் சபையோட 39 பிரிவுகளைச் சுருக்கித்தான் மெதடிஸ்ட் 25 பிரிவுகள் வந்துச்சு, அதுல சாக்கிரமெந்து ரெண்டேதான், ஞானஸ்நானம், திருவிருந்து, ரெண்டும் கடவுள் நமக்குள்ள வேலை செய்ற அடையாளங்கள்னு இருக்கு. 1745ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் திருவிருந்துக்கு மட்டும் 166 பாட்டு கொண்ட ஒரு புத்தகம் போட்டாங்க, அதைப் பிரிச்சிருக்கிற விதத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும்: நடந்ததை நினைக்கிறது, இப்போ கிருபை கிடைக்கிறது, வரப்போற பரலோக விருந்துக்கு இது அச்சாரம். மூணு காலமும் ஒரே துண்டு அப்பத்துல. எப்படி அதுக்குள்ள கிறிஸ்து வர்றாருன்னு கேட்டா, தெரியாது, வர்றாரு, அவ்ளோதான் பதில். பிரசங்கத்தைவிட பாட்டுலதான் மெதடிஸ்ட்காரங்க இறையியல் படிச்சாங்கன்னு சொல்றது சும்மா இல்ல, சார்ல்ஸ் மட்டுமே 6000க்கு மேல எழுதியிருக்காரு. ஜான் 1761ல எப்படிப் பாடணும்னே ரூல்ஸ் போட்டாரு: எல்லாரும் பாடணும், பாதி தூக்கத்துல பாடக்கூடாது, பக்கத்துல இருக்கிறவங்க சத்தத்தை மூழ்கடிக்கிற மாதிரி கத்தவும் கூடாது. எல்லா குவையர்லயும் ஒட்டி வைக்க வேண்டிய ஐட்டம்.

ரசம் பத்தி அடிக்கடி கேக்குறாங்க. வெஸ்லி காலத்துல சாதாரண வைன்தான். மது ஒழிப்பு இயக்கம் பெருசானப்ப 19ஆம் நூற்றாண்டுல இது சங்கடமாச்சு, ஆனா திராட்சைச் சாறு பிழிஞ்சு வச்சா அது பாட்டுக்கு புளிச்சுரும், என்ன பண்றது? 1869ல நியூஜெர்சியில தாமஸ் வெல்ச்ங்கிற பல் டாக்டர், தன் மெதடிஸ்ட் சபையில திருவிருந்து ஏற்பாட்டைப் பார்த்துக்கிட்டவரு, பாஸ்டர் கண்டுபிடிச்ச சூடுபண்ற முறைய திராட்சைச் சாறுல போட்டுப் பார்த்தாரு, புளிக்கல. (லூயி பாஸ்டர், நம்ம சபை பாஸ்டர் இல்ல.) பெரிய வியாபாரமா ஆனது பிற்பாடு அவர் மகன் காலத்துல. தனித்தனி சின்னக் கப் வந்தது 1890கள்ல, கிருமி பயம் பரவினப்ப. அதனால யாராவது "ஆதியிலிருந்தே இப்படித்தான்"னு சொன்னா சிரிச்சிட்டு விட்டுருங்க.

ஞானஸ்நானத்துல மெதடிஸ்ட் நிலைப்பாட்டைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு விஷயம் போதும்: கிருபை நமக்கு முந்திக்கிட்டு வருது. நாம தேடுறதுக்கு முன்னாடியே கடவுள் தேடி வந்துட்டாரு. அப்படின்னா எதுவும் புரியாத ஒரு கைக்குழந்தைக்கு தண்ணி ஊத்துறதுதான் அதுக்கு ரொம்பச் சரியான படம், அந்தக் குழந்தை எதையுமே சாதிக்கல, தூங்கிட்டுகூட இருக்கும். ஆயர் ஒரு கையில குழந்தை தலையைத் தாங்கிக்கிட்டு இன்னொரு கைய குழிச்சு தண்ணிய அள்ளுவாரு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு தடவை, மூணாவது தடவை தண்ணி காது ஓரமா வழியும்போது குழந்தை வீல்னு கத்தும், அம்மாவோட கை தானா துணியோட நீளும். அந்த நேரத்துல எல்லாரும் குழந்தையைப் பார்க்கிறதால ஒண்ணைக் கவனிக்கிறதில்ல: உறுதிமொழி எடுக்கிறது பெத்தவங்க மட்டும் இல்ல, மொத்தச் சபையும். இந்தப் பிள்ளைய விசுவாசத்துல வளர்ப்போம்னு நாமளும் எழுந்து நின்னு சொல்றோம், சொல்லிட்டு அடுத்த வருஷம் சண்டே ஸ்கூலுக்கு டீச்சர் கேட்டா யாரும் கை தூக்குறதில்ல.

தெளிக்கலாம், ஊத்தலாம், முழுக்கலாம், மூணும் செல்லும். ரெண்டாவது தடவை மட்டும் கிடையாது. "சின்ன வயசுல எனக்குத் தெரியாமக் கொடுத்துட்டாங்க, இப்போ நானா எடுக்கணும்"னு கேக்குறவங்க நிறைய பேர், அவங்க ஏக்கம் எனக்குப் புரியுது, ஆனா சபை மறுக்கிறதுக்குக் காரணம் பிடிவாதம் இல்ல. அது நாம கடவுளுக்குக் கொடுத்த வாக்கு மட்டும்னா நாம மீறினதும் அது காலியாயிரும், திரும்ப எடுக்கலாம். கடவுள் கொடுத்த வாக்குன்னா, அவர் மீறலையே, எதுக்கு அவரை இன்னொரு தடவை சொல்ல வைக்கிறது? அதுக்குப் பதிலா ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிக்கிற ஆராதனை இருக்கு, தண்ணியத் தொட்டு நினைச்சுக்கலாம். குழந்தையில ஞானஸ்நானம் வாங்கினவங்க வளர்ந்தப்புறம் விசுவாசத்தை உறுதிப்படுத்துற திடப்படுத்தல் ஆராதனைய வெஸ்லி 1784 புத்தகத்துல இருந்து எடுத்தே விட்டுட்டாரு, பிற்காலத்துலதான் திரும்ப உள்ள வந்துச்சு.

சாக்கிரமெந்து இல்லாத, ஆனா மெதடிஸ்ட்காரங்களுக்கே உரிய சிலதும் உண்டு. அன்பின் விருந்து, மொரேவியர்கள்ங்கிற புராட்டஸ்டன்ட் குழுகிட்ட இருந்து எடுத்தது: ரொட்டியோ கேக்கோ, கூட வெறும் தண்ணி, ரெண்டு கைப்பிடி வச்ச பெரிய கப், சாட்சி சொல்லிக்கிட்டே பகிர்ந்துக்கிறது. திருவிருந்து இல்லங்கிறதால குருப்பட்டம் இல்லாதவங்களும் நடத்தலாம், குரு இல்லாத ஊர்கள்ல இதுதான் பசிய ஆத்துச்சு. ராத்திரி கண்விழிச்சு ஜெபிக்கிற வாட்ச் நைட் ஆராதனைய முதல்ல முழு நிலா பக்கத்துல வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரியில வச்சாங்க, முடிஞ்சு நடந்து வீட்டுக்குப் போக வெளிச்சம் வேணுமே. அப்புறம் உடன்படிக்கை ஆராதனை, 1755 ஆகஸ்ட் 11ல லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல 1800 பேர் எழுந்து நின்னு ஆரம்பிச்சது, இப்போ பெரும்பாலும் வருஷ ஆரம்பத்துல. இனி நான் எனக்குச் சொந்தமில்ல, என்னை வேலைக்கு வச்சாலும் சரி ஒதுக்கி வச்சாலும் சரிங்கிற அந்த ஜெபத்தை வாய்விட்டுப் படிக்கும்போது எனக்கு ஒதுக்கி வச்சாலும்ங்கிற இடத்துல மட்டும் சத்தம் தானா குறையும்.

இப்போ சில சபைகள்ல வாராவாரம் திருவிருந்து திரும்ப வர ஆரம்பிச்சிருக்கு, 2004ல அமெரிக்காவை மையமா வச்ச யுனைடெட் மெதடிஸ்ட் சபை ஏத்துக்கிட்ட திருவிருந்து அறிக்கையும் அதைத்தான் ஊக்குவிக்குது. அதே அறிக்கையில, மேசைக்கு வரமுடியாதவங்களுக்கு தாமதிக்காம கொண்டுபோய்க் கொடுக்கலாம், சபையார்ல பயிற்சி எடுத்தவங்களும் கொண்டுபோகலாம்னும் இருக்கு. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளிய நின்னு பேசிட்டு இருக்கும்போது உள்ள ரெண்டு பேர் வெள்ளைத்துணிய நாலு மூலை பிடிச்சு மடிச்சிட்டு இருப்பாங்க, கப்புகளை எடுத்து அடுக்குவாங்க, ஒருத்தர் மிச்சமிருக்கிற அப்பத்துல கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பாவுல வச்சு மூடி, ரசத்தை விரல் நீளக் குப்பியில ஊத்தி, பையில வச்சுக்கிட்டு கிளம்புவாரு. கட்டில்ல இருக்கிற அந்தப் பாட்டி காலையிலயே தலை சீவி உக்கார்ந்திருப்பாங்க.